பரம்பரையாக வந்த கைக்கருவிகள்: காப்பதா, மெருகேற்றுவதா, வேலைக்கு எடுப்பதா?

தச்சுவேலை தெரிந்த ஒருவர் மறைந்த பிறகு, அவருடைய கருவிப் பெட்டி குடும்பத்தில் எவரேனும் ஒருவரிடம் வந்து சேர்கிறது. உள்ளே பழுப்பேறிய கைரம்பம், இரண்டு மூன்று இழைப்புளிகள், அளவு வரிசையில் ஒன்றிரண்டு குறைந்த உளிகள், தலை தேய்ந்த சுத்தியல், எண்ணெய்க் கறை படிந்த சாணைக்கல் ஆகியவை இருக்கும். இவற்றை என்ன செய்வது என்ற கேள்விக்கு நடைமுறையில் நான்கு விடைகள் உள்ளன. எதையும் மாற்றாமல், மேலும் கெடாதபடி மட்டும் பாதுகாத்து வைக்கலாம். துருவையும் பழைய பூச்சையும் அடியோடு நீக்கி, புத்தம் புதியதுபோல் ஆக்கலாம். வெட்டும் பகுதியை மட்டும் சீர்செய்து வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம். அல்லது புதிய கருவிகளை வாங்கிக்கொண்டு, பழையவற்றை வேறொருவரிடம் ஒப்படைக்கலாம்.

பெரும்பாலான கருவிகளுக்கு மூன்றாம் வழியே சரி என்பது என் உறுதியான கருத்து. ஆனால் பெட்டி முழுவதற்கும் ஒரே முடிவை எடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. எல்லாவற்றையும் ஒரே அமிலத் தொட்டியில் போடுபவரும், எல்லாவற்றையும் ஒரே கண்ணாடி அலமாரியில் அடுக்குபவரும், கருவிகளைத் தனித்தனியாகப் பார்க்கத் தவறுகிறார்கள். ஒவ்வொன்றும் எப்படிச் செய்யப்பட்டது, அந்தச் செய்நேர்த்தியில் இன்று எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதை அறிந்த பிறகே நான்கு வழிகளையும் ஒப்பிட முடியும். ஆகவே ஒப்பீட்டுக்கு முன் அந்தச் செய்நேர்த்தியைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

முதலில் உளி. பழைய உளியின் சரிவான முகத்தைத் தீட்டுகல்லில் சிறிது தேய்த்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், குறுக்கே ஒரு கோடு தெரியக்கூடும். கோட்டின் ஒரு பக்கம் பளபளப்பாகவும் மறுபக்கம் மங்கலாகவும் இருக்கும். பளபளப்பது கடினமான எஃகு. மங்கலானது மென்மையான தேனிரும்பு. நல்ல எஃகு அரிதாகவும் விலையுயர்ந்ததாகவும் இருந்த காலத்தில், கொல்லர் அதன் மெல்லிய துண்டு ஒன்றைத் தேனிரும்பின்மேல் வைத்து, உலைச்சூட்டில் அடித்து இரண்டையும் ஒன்றாக்கினார். சிக்கனத்துக்காகக் கையாளப்பட்ட இந்த முறையால் வேறு இரண்டு நன்மைகளும் விளைந்தன. கொட்டாப்புளியின் அடியை மென்மையான இரும்பு வாங்கிக்கொள்வதால் கடினமான முனை எளிதில் உடைவதில்லை. தீட்டும்போது கல் அறுக்க வேண்டிய கடின எஃகு ஒரு மெல்லிய அடுக்கு மட்டுமே என்பதால், கூரும் விரைவில் ஏறுகிறது. ஜப்பானிய உளிகளும் இழைப்புளி அலகுகளும் இன்றும் இம்முறையில்தான் செய்யப்படுகின்றன.

உளியின் கழுத்துப் பகுதியில் 'காஸ்ட் ஸ்டீல்' என்ற முத்திரை இருந்தால், அது மூசையில், அதாவது உலோகத்தை உருக்கும் மண்குகையில், உருக்கிய எஃகு என்று பொருள். 1740களில், கடிகாரத் தொழில் செய்துவந்த பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்பவர், கடிகார வில்லுக்கு ஏற்ற சீரான எஃகு கிடைக்காமல் தாமே முயன்று, இங்கிலாந்தின் ஷெஃபீல்டு அருகே எஃகை மூசையில் முழுவதுமாக உருக்கும் முறையை உருவாக்கினார். அதற்கு முன் அங்கே பழக்கத்தில் இருந்த எஃகில் கரியின் அளவு இடத்துக்கு இடம் மாறியது. உருக்கி வார்த்த எஃகில் அந்த வேறுபாடு நீங்கியதால், முனையின் ஒரு பகுதி கூர் நிற்க, மறுபகுதி மழுங்கும் குறை அகன்றது. ஷெஃபீல்டின் உளிகளும் அலகுகளும் உலகெங்கும் பெற்ற பெயருக்கு இது முக்கியமான காரணம். இதோடு, நல்ல பழைய உளிகளின் பக்கவாட்டு விளிம்புகள் பின்முகத்தை நெருங்கும் இடத்தில் மிக மெல்லியதாகச் சாணை பிடிக்கப்பட்டிருப்பதையும் பார்க்க வேண்டும். இழுப்பறைகளின் மூலையில் வரும் விசிறி வடிவப் பூட்டுக்குள் உளி நுழைந்து, பக்கச் சுவரைக் கீறாமல் வேலை செய்ய அந்த மெல்லிய விளிம்பு வேண்டும். விலை குறைந்த இன்றைய உளிகளில் அந்த இடம் தடித்துக் கிடக்கிறது.

ரம்பத்தின் நேர்த்தி கண்ணுக்கு எளிதில் புலப்படாது. நல்ல கைரம்பத்தின் தகடு எல்லா இடத்திலும் ஒரே தடிமனாக இருப்பதில்லை. பற்கள் உள்ள விளிம்பில் தடித்தும், முதுகுப் பக்கம், குறிப்பாக நுனியை நோக்கி, மெலிந்தும் இருக்கும். இதனால் மரத்தை அறுக்கும்போது தகடு சிக்குவதில்லை. பற்களை இருபுறமும் அதிகமாகச் சாய்க்க வேண்டியதுமில்லை. சாய்ப்பு குறைந்தால் வெட்டு குறுகும். வெட்டு குறுகினால் கைக்கு உழைப்பு குறையும். கைப்பிடியிலும் இதே கவனம் தெரியும். பழைய கைப்பிடிகள் மூன்று விரல்களுக்கு மட்டும் இடம் விட்டுச் செதுக்கப்பட்டவை. ஆட்காட்டி விரல் வெளியே நீண்டு வெட்டும் திசையைக் காட்ட வேண்டும் என்பதே அதன் நோக்கம். மேலும் கீழும் உள்ள கொம்புகள் கை வழுக்காமல் பிடிக்கின்றன. உள்ளங்கை படும் இடமெங்கும் கூரான மூலை ஒன்றுகூட இல்லாதபடி உருட்டப்பட்டிருக்கும். ஹென்றி டிஸ்டன் 1840இல் ஃபிலடெல்ஃபியாவில் தொடங்கிய நிறுவனத்தின் பழைய ரம்பங்களில் இந்த வேலைப்பாட்டை மிகத் தெளிவாகக் காணலாம். கைப்பிடியில் பதிந்த வட்டமான பித்தளைப் பதக்கத்தின் எழுத்துகள் காலத்துக்குக் காலம் மாறியதால், அதைக் கொண்டு ரம்பத்தின் வயதையும் ஏறத்தாழக் கணிக்க முடிகிறது. தகட்டின் நடுவே அமிலத்தால் பொறித்த அலங்கார முத்திரையும் இருக்கும். அது மிக மெல்லியது என்பதைப் பின்னால் நினைவில் வைக்க வேண்டியிருக்கும்.

இழைப்புளிகளில் இரண்டு மரபுகள் பெட்டிக்குள் வந்து சேரலாம். ஒன்று, முழுவதும் மரத்தால் ஆனது. ஓர விளிம்புகளுக்கு வளைவும் வரையும் இடும் ஆங்கிலேய மர இழைப்புளிகள் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒன்பதரை அங்குல நீளம் என்ற பொது அளவுக்கு வந்தன; அதைவிட நீளமானது கிடைத்தால் அது அதற்கும் முந்தையதாக இருக்க வாய்ப்புண்டு. அவற்றின் முன் நெற்றியில் செய்தவரின் பெயரும், அதைச் சுற்றி ஒருவருக்குப்பின் ஒருவராக அதை வைத்திருந்த தச்சர்களின் பெயர்களும் அச்சுக் குத்தப்பட்டிருக்கும். மூன்று தலைமுறைக் கைகள் அந்தச் சிறிய நெற்றியில் பதிந்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கு எப்போதும் மனம் நெகிழ்கிறது. மற்றொன்று வார்ப்பிரும்பு மரபு. லெனார்ட் பெய்லி என்பவரின் காப்புரிமைகளை அமெரிக்காவின் ஸ்டான்லி நிறுவனம் 1869இல் வாங்கியது. திருகைச் சுழற்றி அலகை முன்னும் பின்னும் நகர்த்தும் அவருடைய அமைப்பு, இன்று செய்யப்படும் இரும்பு இழைப்புளிகளிலும் ஏறத்தாழ அப்படியே தொடர்கிறது. அலகு அமரும் சரிவுக்குப் பின்னால் அடிப்பலகையில் காப்புரிமைத் தேதிகள் வார்க்கப்பட்டிருந்தால் அவை வயதைச் சொல்லும். 1902இன் இரண்டு தேதிகளும் 1910இன் ஒரு தேதியும் சேர்ந்திருப்பவை 1910களில் செய்யப்பட்டவை. பலருடைய மதிப்பீட்டில் அந்தக் காலத்து இழைப்புளிகள் வேலைக்கு மிகச் சிறந்தவை.

செய்தவரின் நேர்த்தியோடு பயன்படுத்தியவரின் நேர்த்தியும் சேர்ந்தே வருகிறது. கட்டைவிரல் படும் இடத்தில் மட்டும் பள்ளமான கைப்பிடி, இடக்கை வழக்கம் உள்ளவர் மாற்றிச் செதுக்கிய பிடி, குறிப்பிட்ட ஒரு வேலைக்காகச் சாய்வாகத் தீட்டிய உளி ஆகியவை பழுதுகள் அல்ல. இவற்றைத் 'திருத்துவது' எந்த வழியைத் தேர்ந்தாலும் தவறு.

இனி முதல் வழி: கை வைக்காமல் காப்பது. இதைப் பலர் எதுவும் செய்யாமல் இருப்பது என்று புரிந்துகொள்கிறார்கள். அது உண்மையில்லை. சிவந்த துரு ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு அடியில் உள்ள இரும்பை மேலும் அரிக்கும். துருவின் பருமன் அது தின்ற இரும்பைவிட அதிகம் என்பதால், அது இறுக்கமான பாகங்களுக்குள் விரிந்து அவற்றைத் தளரவும் வைக்கும். ஆகவே காக்க நினைப்பவர் தளர்ந்த துருவை உலர்ந்த துணியால் துடைத்து, மெல்லிய மெழுகுப் பூச்சோ எண்ணெய்ப் பூச்சோ தந்து, ஈரப்பதம் ஏறி இறங்காத இடத்தில் வைக்க வேண்டும். ஓக் மரப் பெட்டியும் தோல் உறையும் அழகாக இருந்தாலும், இரண்டிலும் உள்ள அமிலத் தன்மை இரும்புக்கு நல்லதன்று. இந்த வழி எதற்குப் பொருந்தும் என்றால், அரியவற்றுக்கும், பழைய பூச்சு கெடாமல் இருப்பவற்றுக்கும் பொருந்தும். எஃகு உடலுக்குள் ஈட்டி வகை மரத்தை நிரப்பிச் செய்த லண்டன் நாரிஸ் இழைப்புளிகள், ஸ்காட்லாந்தின் ஏர் நகரத்து ஸ்பையர்ஸ் இழைப்புளிகள், ஐந்தரை அங்குல நீளமே உள்ள ஸ்டான்லியின் முதலாம் எண் இழைப்புளி, 18ஆம் நூற்றாண்டுப் பெயர் முத்திரையுள்ள மரக் கருவி ஆகியவற்றில் எதையாவது ஐயத்தோடு அடையாளம் கண்டாலும், துடைப்பதோடு நிறுத்திக்கொண்டு விவரம் தெரிந்தவரிடம் காட்டுவதே முறை. தொட்டதைத் திரும்பப் பெற முடியாது. தொடாததை எப்போது வேண்டுமானாலும் தொடலாம். இந்த ஒரு காரணத்துக்காக, முடிவெடுக்க முடியாத எல்லா இடங்களிலும் முதல் வழிதான் தற்காலிக விடை.

அதற்கு மேல் இந்த வழியை நான் பரிந்துரைப்பதில்லை. சாதாரணமான நல்ல உளி ஒன்றைச் சுவரில் மாட்டிவிட்டால், அதன் எஃகின் தரத்தையோ சமநிலையையோ அந்த வீட்டில் இனி யாரும் அறியப்போவதில்லை. உளியின் நேர்த்தி கண்ணுக்காகச் செய்யப்பட்டதன்று. மரத்தில் இறங்கும்போதுதான் அது முழுமையாகத் தெரிகிறது.

இரண்டாம் வழியான முழுப் புதுப்பிப்பு, பார்ப்பதற்கு மிகக் கவர்ச்சியானது. அதனாலேயே மிக அதிகமான சேதத்தையும் விளைவிக்கிறது. துருவில் இரண்டு வகை உண்டு என்பதை இங்கே பிரித்தறிய வேண்டும். சிவந்து பொடியாக உதிர்வது அரிக்கும் துரு. கருமையாக, வழவழப்பாக, உலோகத்தோடு ஒட்டிக் கிடப்பது நிலைத்த ஆக்சைடு; அது இரும்பை ஓரளவு காக்கவும் செய்கிறது. முழுப் புதுப்பிப்பில் இரண்டும் போய்விடுகின்றன. பல பத்தாண்டுகளில் படிந்த கருமை போன பிறகு வெளிப்படும் வெறும் இரும்பு, முன்னைவிட விரைவாகத் துருப்பிடிக்கும்.

இதைவிடப் பெரிய இழப்பு வடிவத்தில் நேர்கிறது. எமரித்தாளைக் கையால் அழுத்தித் தேய்க்கும்போது அது மேடான இடங்களையும் ஓரங்களையும் முதலில் தின்கிறது. செய்தவர் கூராக நிறுத்திய விளிம்புகள் உருண்டுவிடுகின்றன. முத்திரையின் எழுத்துகள் மங்குகின்றன. ரம்பத் தகட்டின் அமிலப் பொறிப்பு சில நிமிடங்களில் காணாமல் போகிறது. சுழலும் கம்பித் தூரிகை இன்னும் மோசமானது. துருவைத் தேய்த்து மினுக்கி, குழிகளுக்குள்ளேயே விட்டுவிடுகிறது. சாணை இயந்திரத்தில் உளியை அழுத்திப் பிடித்தால் முனை நீலமாகிவிடும். சாதாரணக் கரி எஃகின் பதம் வெப்பத்தால் தீர்மானிக்கப்படுவது. சுமார் 220 பாகை செல்சியஸில் வெளிர் வைக்கோல் நிறம் தோன்றும். உளிக்கு ஏற்ற பதம் அந்த அளவில்தான் இருக்கிறது. ஏறத்தாழ 300 பாகையில் தோன்றும் நீலம், எஃகு மென்மையாகிவிட்டதற்கு அடையாளம். கொல்லர் கண்ணால் நிறம் பார்த்துச் சரியாக நிறுத்திய பதத்தை, ஒரு கணக் கவனக்குறைவு இல்லாமல் ஆக்கிவிடும். நீலமான பகுதி முழுவதையும் தேய்த்து நீக்குவதைத் தவிர அதற்கு எளிய மாற்று இல்லை.

இழைப்புளியின் அடியைக் கண்ணாடிபோல் சமப்படுத்தும் ஆசையும் இதில் சேர்ந்ததே. அடியை எவ்வளவு தேய்க்கிறோமோ அவ்வளவுக்கு வாய், அதாவது அலகு வெளியே நீளும் அடித்துளை, விரியும். வாய் விரிந்தால் எதிர்த்து எழும் இழைகளை அடக்கும் திறன் குறையும். ஜப்பானிய உளிகளின் பின்முகத்தில் வேண்டுமென்றே அமைத்த குழிவு ஒன்று உண்டு. தீட்டும் பரப்பைக் குறைத்துத் தட்டையாக வைத்திருக்க உதவும் அந்தக் குழிவை, பழுது என்று எண்ணித் தேய்த்துச் சமமாக்கியவர்கள் பலர். அதைப்போலவே பழைய இரும்பு இழைப்புளிகளின் கறுப்புப் பூச்சு, நிலக்கீல் கலந்து சூளையில் உலர்த்தியது. அது முக்கால்வாசி மிஞ்சியிருக்கும்போது சுரண்டிவிட்டு வேறு வண்ணம் அடிப்பதில் எந்தப் பயனையும் நான் காணவில்லை. சேகரிப்பவர்களின் கண்ணிலும் அது கருவியின் மதிப்பைக் குறைக்கும்.

அப்படியானால் முழுப் புதுப்பிப்பு எப்போது தகும்? ஏராளமாகச் செய்யப்பட்ட சாதாரணக் கருவியாக இருந்து, பூச்சு ஏறக்குறைய முழுவதும் உதிர்ந்து, துரு எல்லாப் பரப்பையும் மூடியிருக்கும்போது இழப்பதற்கு அதிகம் இல்லை. முன்பு யாரோ சுவர் வண்ணத்தைப் பூசிவைத்த கருவிக்கும் இது பொருந்தும். ஆனால் பழைய வண்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பக் கூடாது. துருவை நீக்கும் முறைகளில், துருவை மட்டும் பற்றிக் கரைக்கும் நீர்க்கரைசல்கள் மிகவும் மென்மையானவை. நல்ல இரும்பை அவை பெரும்பாலும் தொடுவதில்லை. சிட்ரிக் அமிலமும் வினிகரும் எளிதில் கிடைப்பவை; ஆனால் கூடுதல் நேரம் ஊறினால் இரும்பையும் அரித்துச் சாம்பல் நிற மேற்பரப்பைத் தரும். மிகக் கடினமான எஃகிலும் வில்போல் வளையும் தகட்டிலும் அமில ஊறலால் ஹைட்ரஜன் புகுந்து நொறுங்கும் தன்மை வரலாம் என்பதால், ரம்பத் தகட்டை அமிலத்தில் நெடுநேரம் விடாமல் இருப்பது நல்லது. சலவைச் சோடாக் கரைசலில் நேர்மின்சாரம் செலுத்தும் முறையில் கருவி எதிர்முனையில் இணைக்கப்பட வேண்டும். நேர்முனைக்குச் சாதாரண இரும்புத் துண்டு போதும். அங்கே துருப்பிடிக்காத எஃகைப் பயன்படுத்தினால் நச்சுத்தன்மையுள்ள குரோமியச் சேர்மம் உண்டாகும். ஹைட்ரஜன் வாயு வெளிவருவதால் காற்றோட்டமும் தேவை.

மூன்றாம் வழியில், கருவி மரத்தைத் தொடும் இடம் வேறு, கை தொடும் இடம் வேறு, மற்ற இடங்கள் வேறு என்று பிரித்துக்கொள்கிறோம். மரத்தைத் தொடும் இடத்தில் எந்தச் சமரசமும் கூடாது. கை தொடும் இடத்தைத் தூய்மை செய்து உறுதிப்படுத்த வேண்டும். மற்ற இடங்களில் சிவந்த துருவை மட்டும் எடுத்துவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். இந்தப் பிரிவினை கருவியின் அமைப்பிலிருந்தே வருகிறது. அதைச் செய்தவரும் தம் உழைப்பை இப்படித்தான் பங்கிட்டார். ஷெஃபீல்டு உளியின் பின்முகம் நுணுக்கமாகவும், கழுத்து அரத்தின் கீறல்களோடும் இருப்பதைக் கவனித்தால் இது விளங்கும்.

உளியில் பின்முகம் முழுவதையும் சமமாக்கத் தேவையில்லை. முனையை ஒட்டிய சிறு பகுதி சமமாக இருந்தால் வேலை தொடங்கிவிடலாம், மற்றவை ஒவ்வொரு தீட்டலிலும் தாமாகச் சீராகும். உண்மையான தடை, பின்முகத்தில் முனையை ஒட்டிய துருக்குழிகள்தாம். கூர் என்பது இரண்டு பரப்புகள் சந்திக்கும் கோடு. ஒரு பரப்பில் குழி இருந்தால் அந்தக் கோடு அங்கே அறுந்துபோகும். குழி ஆழமற்றதாக இருந்தால் தேய்த்து அகற்றலாம். ஆழமாக இருந்தால், முனையைப் பின்னுக்குக் கொண்டுசென்று குழியில்லாத இடத்தில் நிறுத்த வேண்டும். அடுக்கு எஃகு உளிகளில் கடின எஃகு எவ்வளவு நீளம் மிஞ்சியிருக்கிறது என்று பார்த்துவிட்டே இதைச் செய்ய வேண்டும். சரிவை 25 பாகையில் அமைத்து, நுனியை மட்டும் 30 பாகையில் தீட்டுவது பொதுவான வேலைக்கு ஏற்றது.

இழைப்புளியில் அடி முழுவதும் சமமாக இருக்க வேண்டியதில்லை. முன்நுனி, வாய்க்கு முன்னால் உள்ள ஓரம், அலகைச் சுற்றிய பகுதி, பின்நுனி ஆகியவை ஒரே தளத்தில் இருந்தால் போதும். நடுவில் சிறு பள்ளங்கள் இருப்பதால் கெடுதல் இல்லை. அலகின்மேல் அமரும் மேல்தகட்டின் விளிம்பு, வெளிச்சம் புகாதபடி அலகோடு படிய வேண்டும் என்பதில்தான் உழைப்பைச் செலவிட வேண்டும். அந்த இடுக்கில் சீவல் சிக்கிக்கொள்வதே, பழைய இழைப்புளி பயனற்றது என்று பலர் முடிவு செய்வதற்குக் காரணமாகிறது. ரம்பத்தில், தகட்டை நீளவாக்கில் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்து மடிப்பு இல்லை என்று உறுதி செய்துகொண்டு, கட்டையில் சுற்றிய மெல்லிய எமரித்தாளால், எண்ணெயோடு, நீளவாக்கில் மட்டும் துடைக்க வேண்டும். அப்போது பொறிப்பு அழியாமல், கருமைக்கு நடுவே துலங்கி வரும். பற்களின் உயரத்தைச் சமப்படுத்தி, முக்கோண அரத்தால் ஒவ்வொன்றாகத் தீட்டி, இருபுறமும் சிறிதே சாய்ப்பது பொறுமை கேட்கும் வேலை. பழக்கமில்லாதவர் முதல் ரம்பத்தைத் தெரிந்தவர் கையில் கொடுப்பதில் தவறில்லை.

கைப்பிடிகளின் மேல்பூச்சைச் சுரண்டி எடுக்க வேண்டாம். அழுக்கை மட்டும் நீக்கி, ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகத் தடவித் துடைத்தால் போதும். அந்த எண்ணெய் தோய்ந்த துணி சுருட்டிக் கிடந்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. ஆகையால் விரித்து உலரவிட்ட பிறகே அதை எறிய வேண்டும். ரம்பக் கைப்பிடியின் கொம்பு முறிந்திருந்தால், அதே வகை மரத்தை இழையோட்டம் பார்த்து ஒட்டிச் செதுக்கலாம். ஒட்டு தெரிந்தாலும் அதில் குறைவு ஒன்றும் இல்லை. உலோகத்தை வெட்டும் உளிகளின் தலை அடிபட்டுக் காளான்போல் விரிந்திருந்தால், அதைத் தேய்த்து நீக்காமல் ஓர் அடிகூட அடிக்கக் கூடாது, ஏனெனில் சில்லு தெறித்துக் கண்ணைக் கெடுக்கும்.

இந்த வழியின் குறைகளையும் சொல்ல வேண்டும். நேரம் அதிகம் பிடிக்கும். தீட்டத் தெரிந்திருக்க வேண்டும். தீட்டுகற்கள் வாங்க வேண்டும். தச்சுவேலையில் சிறிதும் நாட்டமில்லாதவர் இதைக் கடமையாக எண்ணிச் செய்வதில் பொருளில்லை. அவருக்கு நான்காம் வழியே நேர்மையானது.

நான்காம் வழிக்கு வரும்போது, புதிய கருவிகள் எல்லாம் தரம் தாழ்ந்தவை என்ற பேச்சை முதலில் ஒதுக்கிவிட வேண்டும். 1981இல் அமெரிக்காவில் தொடங்கிய லீ-நீல்சன், கனடாவின் வெரிட்டாஸ் போன்ற நிறுவனங்களின் இழைப்புளிகள் பல வகைகளில் பழையவற்றைவிடத் துல்லியமானவை. அவற்றின் உடல் நெகிழும் வார்ப்பிரும்பு. கீழே விழுந்தால் பழைய சாம்பல் வார்ப்பிரும்பைப் போல வெடித்துவிடாது. அலகுகள் தடித்தவை, அவற்றில் பயன்படும் ஏ2 என்ற கலப்பு எஃகு, பழைய கரி எஃகைவிட நீண்ட நேரம் கூர் தாங்கும். மறுபுறம், ஏ2 எஃகைத் தீட்டக் கூடுதல் நேரம் ஆகும். மிகக் குறைந்த கோணத்தில் தீட்டினால் முனை பொடிப்பொடியாக உதிரும் இயல்பும் அதற்கு உண்டு. பழைய மூசை எஃகு சாதாரணக் கல்லிலேயே மிக நுண்ணிய கூரை ஏற்றுக்கொள்ளும். கையால் மெல்லச் செதுக்கும் வேலைக்கு நான் பழையதையே விரும்புகிறேன். கடின மரத்தைத் தொடர்ந்து இழைக்கும் வேலையில் புதிய எஃகின் மேன்மையை மறுக்க மாட்டேன்.

ரம்பத்தில் வேறுபாடு இன்னும் கூர்மையானது. இன்று பொதுவாக விற்கும் ரம்பங்களின் பல்நுனிகள் மின்தூண்டலால் கடினமாக்கப்பட்டவை. நுனியில் கருநீலம் தெரியும். அவை நெடுநாள் கூராக இருக்கும், ஆனால் மழுங்கினால் அரம் அவற்றில் ஏறாது, எறிய வேண்டியதுதான். பழைய ரம்பம் விரைவில் மழுங்கினாலும், பற்களைத் தீட்டித் தீட்டித் தலைமுறைக் கணக்கில் பயன்படுத்தலாம். எப்போதாவது ஒரு பலகையை அறுப்பவருக்குப் புதியது வசதி. தொடர்ந்து மரவேலை செய்பவருக்குப் பழையது சிக்கனம்.

பழையதை விட்டுப் புதியதை வாங்குவதே சரி என்று தயங்காமல் சொல்லக்கூடிய சில இடங்கள் உள்ளன. அரங்கள் தேய்ந்தால் தேய்ந்தவைதாம். உடலில் விரிசல் விழுந்த வார்ப்பிரும்பு இழைப்புளியை, அதுவும் வாயை ஒட்டி விரிசல் இருந்தால், வேலைக்கு நம்ப முடியாது. மூலைமட்டத்தை எளிதாகச் சோதிக்கலாம்: நேரான ஓரத்தில் வைத்து ஒரு கோடு கீறி, மட்டத்தை மறுபுறம் திருப்பி அதே இடத்தில் மீண்டும் கீற வேண்டும். இரண்டு கோடுகளும் பிரிந்தால் மட்டம் தவறியிருக்கிறது. பிரிந்த அளவில் பாதிதான் உண்மையான பிழை. அதைச் சீர்செய்யத் தெரியாதவர் புதியதை வாங்கிக்கொண்டு, பழையதை நினைவுக்காக வைத்துக்கொள்ளலாம்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழியும் உண்டு. பழைய ஸ்டான்லி இழைப்புளியின் அலகு சுமார் 2 மில்லிமீட்டர் தடிமனே உள்ளது. அது தேய்ந்து குறுகியிருந்தால், சற்றே தடித்த புதிய அலகை வாங்கிப் பொருத்தலாம். ஆனால் அலகு தடித்ததால் வாய்க்குள் நுழையவில்லை என்று வாயை அரத்தால் அகலப்படுத்துபவர், மாற்றக்கூடிய ஒரு பாகத்துக்காக மாற்ற முடியாத பாகத்தைக் கெடுக்கிறார். நுழையும் தடிமனைத் தேர்ந்து வாங்கி, பழைய அலகை எண்ணெய் தடவிப் பொதிந்து பெட்டியிலேயே வைத்திருப்பது நல்லது.

ஒப்படைப்பது என்று முடிவானால், விற்பதற்கு முன் மெருகேற்றும் எண்ணத்தைக் கைவிட வேண்டும். சேகரிப்பவர் தொடாத நிலையையே விரும்புவார். வேலைக்கு வாங்குபவர் தாமே சீர்செய்துகொள்வார். வெளிநாட்டுக்கு அனுப்புவதாக இருந்தால் மரத்தையும் கவனிக்க வேண்டும். பழைய ஸ்டான்லி கைப்பிடிகள் பலவும் பிரேசில் ஈட்டி வகை மரத்தால் ஆனவை. அந்த மரம் 1992 முதல், அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் மிகக் கடுமையான பட்டியலில் உள்ளது. யானைத் தந்தம் பதித்த அளவுகோல்களுக்கும் இதுபோன்ற கட்டுப்பாடுகள் உண்டு. அருங்காட்சியகங்கள் பெயரும் வரலாறும் தெரியாத பொருளைப் பொதுவாக ஏற்கத் தயங்கும். ஆகவே கருவி யாருடையது, அவர் என்ன வேலை செய்தார், எந்த ஆண்டுகளில் என்பவற்றைத் தெரிந்தவரை ஒரு தாளில் எழுதிச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். என்னைக் கேட்டால், தொழில் கற்கத் தொடங்கியிருக்கும் ஓர் இளைஞருக்குக் கொடுப்பதையே முதலில் எண்ணிப் பார்க்கச் சொல்வேன்.

உடன்பிறந்தவர்கள் பலர் இருந்து பெட்டியைப் பங்கிட நேரும்போது, ஆளுக்கு இத்தனை என்று எண்ணிப் பிரிப்பது வழக்கமாக உள்ளது. குழிவும் குவிவுமாக வளைவு இழைக்கும் மர இழைப்புளிகள் இணை இணையாக எண்ணிடப்பட்டவை. முழுத் தொகுதியில் 18 இணைகள், அதாவது 36 கருவிகள் இருக்கும். ஒன்றின் வளைவு மற்றொன்றின் வளைவோடு பொருந்துமாறு செய்யப்பட்டிருப்பதால், இணை பிரிந்தால் வளைவைச் செதுக்குவதும் அதைச் சரிபார்ப்பதும் கடினமாகும். அளவு வரிசையில் உள்ள உளிகளுக்கும் இது பொருந்தும். இப்படிச் சேர்ந்து வந்தவற்றை, வேலை செய்யக்கூடிய ஒருவரிடம் தொகுதியாகவே விட்டு, தனித்து இயங்கும் சுத்தியலையும் ரம்பத்தையும் தனி இழைப்புளிகளையும் மற்றவர்கள் பிரித்துக்கொள்வதே நன்று.